கோல் போடாத முட்டுக்கட்டை

எங்கள் பஸ் டிப்போ டீமில் ஆடிய அத்தனை பேரும் ஒரு தடவையாவது கோல் போட்டிருக்கிறார்கள். கோல் கீப்பர்கூடப் போட்டிருக்கிறார். ஒரு நாள் காற்று பலமாக அடித்தது. அவர் இந்தக் கோடியிலிருந்து உதைத்த பந்து அந்தக் கோடிக்குப் போய், எதிர் கீப்பர் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்த நேரத்தில் உள்ளே புகுந்துவிட்டது. போடாதவர் ஒரே ஒருவர். அவர் என் கொழுந்தன். என் வீட்டுக்காரருக்குக் கூடப்பிறந்த ஒரே தம்பி.

நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போனபோது அவருக்கு மீசை அப்போதுதான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. புகுந்த வீட்டில் முதல் வேலையாகப் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கிறேன், கழுவி வைத்த குண்டானுக்குள் வந்து விழுந்தது ஒரு பந்து, சேறும் சகதியுமாக. பின்னாலேயே ஒரு தலை ஜன்னலில். "அண்ணி, பந்து." அதுதான் எங்களுக்குள் முதல் பேச்சு. நல்லா இருக்கீங்களா என்று ஒரு வார்த்தை கிடையாது. நானும் விடவில்லை. குண்டானை மறுபடி கழுவ வைத்த பிறகுதான் பந்தைக் கொடுத்தேன். அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சி.

அண்ணன் டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போகணும், எத்தனை மணிக்கு உள்ளே வரணும் என்று பார்க்கிற வேலை. தம்பி அதே டிப்போவில் கண்டக்டராகச் சேர்ந்தார். சேர்ந்த மாசமே டீமிலும் சேர்ந்துவிட்டார்.

டிப்போவில் யாரையும் சொந்தப் பெயரால் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கேப்டன் ஹாரன். உட்கார்ந்தே பழகிய மாற்று ஆட்டக்காரர் ஸ்டெப்னி. கோல் கீப்பர் ஷட்டர். என் கொழுந்தன் முட்டுக்கட்டை. மேட்டில் வண்டியை நிறுத்தினால் உருளாமல் இருக்கப் பின் சக்கரத்துக்கு அடியில் ஒரு கட்டை கொடுப்பார்களே, அதுதான். ஆட்டத்தில் அவர் இடம் ஷட்டருக்கு நேர் முன்னால். பந்தை வளைத்து வளைத்துக் கொண்டுபோகிற சாமர்த்தியமெல்லாம் அவருக்கு வராது. ஆனால் நெரிசலான பஸ்ஸில் நடுவழியில் நின்று பழகின உடம்பு. அவரைத் தாண்டி ஒருத்தன் போய்விட முடியாது. "டிக்கெட் எடுத்தியா?" என்று கேட்டுக்கொண்டேதான் எதிர் ஆளை மறிப்பார். அவன் சிரித்துவிடுவான். சிரித்தால் பந்து போச்சு.

டீமில் கண்டக்டர் அவர் ஒருவர்தான், மற்றவர்கள் எல்லாரும் டிரைவர்கள். கூத்தெல்லாம் அதில்தான் ஆரம்பம். ஒரு விசில் என்றால் வண்டியை நிறுத்து, இரண்டு விசில் என்றால் எடு. காலையிலிருந்து இருட்டும்வரை அந்தச் சத்தத்துக்கே காலை அசைத்துப் பழகியவர்கள். ஆட்டம் தொடங்க ரெஃப்ரி ஒரு விசில் அடிப்பார். எங்கள் ஆட்கள் அசையாமல் நிற்பார்கள்! எதிர் டீம் பந்தை எடுத்துக்கொண்டு பாதி மைதானம் போயிருக்கும். "போங்கடா! எடுங்கடா வண்டியை!" என்று கேப்டன் தொண்டை கிழியக் கத்துவார். ஹாரன் என்ற பெயர் அவருக்கு அப்படி வந்ததுதான்.

அதைவிடப் பெரிய தலைவலி ஒன்று இருந்தது. மைதானத்துக் கம்பி வேலியை ஒட்டியே பஸ் ஸ்டாப். எவனோ ஒரு கண்டக்டர் அங்கே இறங்குகிறவர்களுக்காக ஒரு விசில் கொடுத்தால் உள்ளே எங்கள் டீம் முழுக்க பிரேக் போட்டு நின்றுவிடும். அப்படி நின்று ஒரு கோல் வாங்கினார்கள் பாருங்கள், அதற்கு மறுநாளே என் வீட்டுக்காரர் டிப்போவில் ஒரு ஏற்பாடு செய்தார். ஆட்ட நாளில் அந்த ஸ்டாப்பில் விசில் கூடாது. வண்டியின் தகரத்தைக் கையால் தட்டித்தான் நிறுத்தணும், தட்டித்தான் எடுக்கணும். கண்டக்டர்கள் எல்லாரும் ஒழுங்காகக் கேட்டார்கள். அதற்குப் பிறகுதான் எங்கள் டீம் ஜெயிக்க ஆரம்பித்தது. வரிசையாக மூன்று வருஷம் கோப்பை. இறுதி ஆட்டத்தன்று ஊரில் பஸ் கிடைக்காது. ஓட்டுகிறவன் மைதானத்துக்கு உள்ளே, ஏறுகிறவன் வேலிக்கு வெளியே. அந்தக் கோப்பைகளில் கேன்டீன்காரர் கரண்டி போட்டு வைத்திருந்தார்.

மூன்றாவது கோப்பை துறைமுக டீமோடு. கொட்டுகிற மழை. கடைசி நேரத்தில் பந்து கோல் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் சேற்றில் புதைந்து நின்றுவிட்டது. எதிர் கீப்பர் வழுக்கி விழுந்து கிடக்கிறார். பாதிக் கோட்டைத் தாண்டியே பழக்கமில்லாத என் கொழுந்தனுக்கு அன்றைக்கு என்ன தோன்றியதோ, முன்னால் வந்து நிற்கிறார். காலைத் தூக்கிவிட்டார். எங்கிருந்தோ சறுக்கிக்கொண்டே வந்து ஹாரன் பந்தைத் தட்டி உள்ளே தள்ளிவிட்டார். கோப்பை எங்களுக்கு. கூட்டம் ஹாரனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியது. அந்த நிமிஷத்தில் எடுத்த படம் இன்றும் கேன்டீன் சுவரில் தொங்குகிறது. எல்லாரும் கையைத் தூக்கியிருக்கிறார்கள். என் கொழுந்தன் மட்டும் காலைத் தூக்கியிருக்கிறார்.

அந்தப் படத்தால் பட்ட பாடு கொஞ்சமா? "இன்னுமா காலை இறக்கலை?" என்று பயணிகளே கேட்பார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் என் ஓரகத்தியின் அப்பா முதலில் கேட்டது சம்பளத்தைப் பற்றி இல்லை. "அந்தக் கோலை ஏன் விட்டீங்க?"

ஷட்டரைப் பற்றித் தனியாகச் சொல்லணும். அவர் டிரைவர். என் கொழுந்தன் அவருடைய வண்டிக்கே கண்டக்டர். ஒரே வண்டி, ஒரே வழி, தலை நரைக்கும்வரை. ஒரு தடவை மீதமிருந்த கடைசி வடை யாருக்கு என்பதில் சண்டை வந்து மாசக்கணக்கில் இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. ஆனால் பஸ் ஒரு நாளும் தாமதமாகவில்லை. ஒரு விசில், இரண்டு விசில், அதிலேயே குடித்தனம் நடத்தினார்கள். கோபமாக இருந்தால் விசில் நீளும், அவ்வளவுதான். பிறகு ஷட்டரின் மகளை என் கொழுந்தன் மகன் கட்டிக்கொண்டான். சம்பந்தி ஆன நாளிலிருந்து வீட்டில் "வாங்க சம்பந்தி, உக்காருங்க சம்பந்தி" என்று ஒரே மரியாதை. மைதானத்தில் மட்டும் பழையபடி டேய்.

இப்படியே எல்லாரும் கிழவர்களானார்கள். நாலு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இருக்கிறவர்களில் ஒருவருக்குக் காது, ஒருவருக்குச் சர்க்கரை. ஸ்டெப்னிக்குப் பல் செட். என் கொழுந்தனுக்கு வலது முட்டி. டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் ஆபரேஷன் என்றார். "நல்லா நடக்கலாம், படி ஏறலாம். பந்து மட்டும் வேண்டாம்."

அதே சமயத்தில் டிப்போவில் மைதானத்தைச் செப்பனிட்டுப் புதுப் புல் போட்டார்கள். திறப்பு அன்றைக்குப் பழைய டீமே இரண்டாகப் பிரிந்து கொஞ்ச நேரம் ஆடிக் காட்டணும் என்று அழைப்பு. செத்தவர்கள் இடத்துக்கு மற்ற ரிட்டயர்டு டிரைவர்கள் வருவார்கள். ஆபரேஷனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை.

சாப்பிட உட்கார்ந்தபோது கொழுந்தன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அண்ணி, ஒரு கோல். ஒண்ணே ஒண்ணு. அதுக்கப்புறம் இந்தக் காலை அவங்க வெட்டினாலும் சரி, ஒட்டினாலும் சரி."

"தம்பி, முதல்ல சாப்பிடு."

"நாளைக்கு நான் போயிட்டேன்னா என்ன சொல்வாங்க? நல்ல மனுஷன், பாவம், கோல்தான் போடலைன்னு சொல்வாங்க."

ஓரகத்தி குழம்புக் கரண்டியோடு வந்தாள். "முட்டி தேஞ்சு கிடக்கு, இதுல கோல் ஒரு கேடு. கழிப்பறையில உக்காந்தா எழுந்திரிக்க ஆள் கூப்பிடுறாரு, அக்கா!"

"கோல் நின்னுக்கிட்டுதானடி போடுறது" என்றார் அவர்.

எனக்கு மனசு கேட்கவில்லை. பிரித்த பட்டியலைப் பார்த்தால் இவர் ஹாரன் பக்கம், ஷட்டர் எதிர்ப்பக்கம். மறுநாளே ஓரகத்தியை இழுத்துக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போனேன். ஷட்டர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"சம்பந்தி, ஒரு உதவி" என்றேன்.

"சொல்லுங்க. உயிரைக் கேட்டாலும் தர்றேன்."

"உயிரெல்லாம் வேண்டாம். ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு பந்தை விட்டுடுங்க."

பேப்பரை மடித்து வைத்துவிட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உயிரை எடுத்துக்கங்கம்மா. அதை மட்டும் கேக்காதீங்க."

அவர் மகள், எங்கள் மருமகள், பிறந்த வீட்டுக்கு வந்திருந்தவள், உள்ளேயிருந்து வந்து, "அப்பா, மாமாவுக்காகப்பா. உங்களுக்கு என்ன குறைஞ்சுடும்?" என்றாள்.

"எனக்கு ஒண்ணும் குறையாதும்மா. அவனுக்குத்தான் குறையும். நான் விட்டா அது கோலா? ஓசிப் பயணம். உங்க மாமா சர்வீஸ்ல ஒருத்தனையாவது டிக்கெட் இல்லாம ஏத்தியிருப்பாரா?"

இந்தக் கதை எப்படியோ கொழுந்தன் காதுக்குப் போய்விட்டது. அன்று சாயங்காலம் வாசலில் நின்று என்னைப் பார்த்துக் குதிக்கிறார். முட்டி வலியோடு குதிக்கிறார்! "அண்ணி, நீங்களா? நீங்களே போய்க் கேட்டீங்களா? அவன் விட்டு நான் போட்டா அது எனக்கு வேண்டவே வேண்டாம். போட்டா நெசமா போடுவேன். இல்லேன்னா கோல் போடாத முட்டுக்கட்டையாவே போய்ச் சேர்றேன்."

சரி, இரண்டு முரடர்களுக்கு நடுவில் நமக்கென்ன வேலை என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வேலியைச் சுற்றிக் கூட்டமான கூட்டம். பேரன் பேத்திகள், பழைய பயணிகள், பாதிப் பேர் கையில் குடை, மீதிப் பேர் கையில் மாத்திரை. புதுப் பனியன் தைக்கச் சொல்கிற பொறுப்பை ஹாரன் எடுத்திருந்தார். தையல்காரர் அளவு கேட்டிருக்கிறார். "என் பசங்க அளவு எனக்குத் தெரியாதா?" என்று மனசிலிருந்தே எடுத்துவிட்டிருக்கிறார். அந்தக் காலத்து அளவு! கிழவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள், தலையணை உறைக்குள் இரண்டு தலையணையைத் திணித்த மாதிரி. ஷட்டருக்குத் தொப்புள் வெளியே. ஸ்டெப்னி பல் செட்டைக் கைக்குட்டையில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கூட்டம் சிரித்த சிரிப்பில் பெரிய மனுஷர்களின் பேச்சு ஒன்றும் கேட்கவில்லை. நல்லதாய்ப் போயிற்று.

என் வீட்டுக்காரர்தான் ரெஃப்ரி. தம்பி கழுத்தில் பழைய கண்டக்டர் விசில் தொங்குவதைப் பார்த்துவிட்டார்.

"டேய், அதைக் கழட்டு."

"கழட்டினா கழுத்தே இல்லாத மாதிரி இருக்குண்ணே."

"அடிக்கக் கூடாது."

"நான் எதுக்கு அடிக்கிறேன்?"

என் வீட்டுக்காரர் விஷயம் தெரிந்தவர். இரண்டு விசில் கொடுத்தார். அத்தனை டிரைவர்களும் கிளம்பினார்கள். கிளம்பினார்கள் என்றால் ஓட்டம் இல்லை, ஒரு மாதிரி உருளுதல். பந்து வந்தால் ஒருவர் உதைப்பார், ஐந்து பேர் மூச்சு வாங்குவார்கள். ஒருவர் பந்தை விட்டுவிட்டு, வேலியோரம் நின்ற சகலையிடம் போய் நலம் விசாரித்துவிட்டு வந்தார். "ஆஃப்சைடு!" என்று யாரோ கத்தினார்கள். "இந்த வயசுல வந்து நிக்கிறதே பெருசு, இதுல எந்த சைடு?" என்றார் ரெஃப்ரி.

ஹாரன் இரண்டு தடவை உதைத்தார். ஷட்டர் இரண்டையும் தடுத்துவிட்டார், ஒன்றைக் கையால், ஒன்றைத் தொப்பையால். தடுத்துவிட்டு என் பக்கம் திரும்பிக் கும்பிட்டார், மன்னிச்சுக்கங்க என்கிற மாதிரி. என் கொழுந்தன் பழையபடி தன் பக்கத்துக் கோலுக்கு முன்னாலேயே நிற்கிறார். கால் வரவில்லை. அவர் முகத்தைப் பார்த்த ஓரகத்தி முந்தானையைக் கடித்துக்கொண்டாள். "அக்கா, வலிக்குது போல. கூப்பிட்டுக்கலாமா?"

"இரு" என்றேன்.

என் வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். முடிக்கப்போகிறார். அப்போது கொழுந்தன் நடக்க ஆரம்பித்தார். பாதிக் கோட்டைத் தாண்டினார். வலது காலை இழுத்து இழுத்து, நெரிசலில் முன்படிக்கட்டுக்குப் போகிற மாதிரி ஒவ்வொருவராக விலக்கிக்கொண்டு போகிறார். "முன்னாடி போங்க, முன்னாடி போங்க" என்கிறார். கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. "முட்டுக்கட்டை! முட்டுக்கட்டை!"

அந்தப் பக்கம் ஹாரன் பந்தோடு ஷட்டரை நெருங்கிவிட்டார். பக்கத்தில் வந்து நிற்கிறார் என் கொழுந்தன். பழைய படம் அப்படியே. ஹாரனே உதைக்கப்போகிறார். பாழாய்ப்போன மனுஷன், இந்தத் தடவையுமா என்று நான் பல் செட்டை இறுக்கிப் பிடித்தேன், ஸ்டெப்னியின் பல் செட்டை.

அந்த நேரம் பார்த்து வேலிக்கு வெளியே பஸ் வந்தது. புதுசாக வேலைக்குச் சேர்ந்த கண்டக்டர் பெண். தகரத்தைத் தட்டுகிற ஏற்பாடெல்லாம் அவளுக்கு யார் சொன்னார்கள்? வாயில் வைத்து அடித்தாள் பாருங்கள், சுத்தமாக, கணீரென்று, ஒரு விசில்.

மைதானமே நின்றுவிட்டது! ஹாரன் தூக்கிய காலை அப்படியே தரையில் ஊன்றி அழுத்திவிட்டார். ஸ்டெப்னி நின்றார். ஷட்டர் இரண்டு கையாலும் இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வலது காலால் புல்லை மிதிக்கிறார். பந்து மட்டும் ஹாரன் காலிலிருந்து நழுவி, மெல்ல உருண்டு, என் கொழுந்தன் காலடிக்கு வந்து நின்றது. அவர் ஒருவர்தான் நிற்கவில்லை. அவர் விசில் அடிக்கிற ஜாதி, விசிலுக்கு நிற்கிற ஜாதி இல்லையே!

எதிரே திறந்த கோல். சிலையாக ஒரு கீப்பர். வயசுக்காலமெல்லாம் கேட்ட கோல் ஒரு தட்டுத் தூரத்தில்.

"போடு தம்பி!" என்று நான் கத்தினேன். கூட்டமே கத்தியது.

அவர் பந்தைப் பார்த்தார். ஷட்டரின் வலது காலைப் பார்த்தார். பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கிற அந்தக் காலை எத்தனை வருஷம் பார்த்திருப்பார்! உதைக்கவில்லை. கழுத்திலிருந்த விசிலை எடுத்து வாயில் வைத்தார்.

இரண்டு விசில்.

ஷட்டர் எடுத்தார் வண்டியை! கோலை விட்டு நேராக முன்னால் பாய்ந்து வருகிறார், கையை விரித்துக்கொண்டு, கண்ணில் கொலைவெறி. கொழுந்தன் அதற்காகவே காத்திருந்த மாதிரி அந்தத் தேய்ந்த வலது காலால் ஒரு தட்டு. ஷட்டர் விழுந்து கையை நீட்டினார். விரல் நுனி பந்தில் பட்டதை நான் பார்த்தேன். பட்டும் நிற்காமல், அவருடைய கைக்கு அடியில் புகுந்து, அவசரமே இல்லாமல் உருண்டு கோட்டைத் தாண்டியது பந்து.

கூட்டம் போட்ட சத்தத்தில் வேலியே அதிர்ந்தது.

"செல்லாது!" என்றார்கள் எதிர்ப்பக்கம். "ஆட்டக்காரன் விசில் அடிக்கலாமா?"

"செல்லும்!" என்றார் ஹாரன், தன் பழைய தொண்டையில். "அவன் நிறுத்தவா அடிச்சான்? எடுக்கத்தானடா அடிச்சான்! தூங்கினவனை எழுப்பிட்டுப் போட்டான்டா!"

எல்லாரும் ரெஃப்ரியைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான் இவனுக்கு அண்ணன். நான் கோல்னு சொன்னா ஊர் சிரிக்கும். இல்லேன்னு சொன்னா எனக்கு இன்னிக்குச் சோறு கிடைக்காது. கீப்பரே சொல்லட்டும்."

ஷட்டர் புல்லில் மல்லாந்து கிடந்தார். பனியன் அக்குளில் கிழிந்திருந்தது. என் கொழுந்தன் உதைத்த வேகத்தில் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேராலும் எழுந்திருக்க முடியவில்லை. கொழுந்தன் குனிந்து கேட்டார், மெதுவாக. ஆனால் அந்த அமைதியில் வேலிவரை கேட்டது.

"டேய். விட்டியா?"

ஷட்டர் மூச்சு வாங்கி முடிக்கிறவரை எல்லாரும் காத்திருந்தார்கள்.

"விடலைடா. விரல்ல பட்டுச்சு. புடிக்கத்தான் விழுந்தேன்." ஒரு மூச்சு. "புடிக்க முடியலை. கோல்தான்டா, கடங்காரா."

அதற்கப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வேன்? கூட்டம் வேலியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. பஸ்ஸிலிருந்து பயணிகள் இறங்கி வந்துவிட்டார்கள். கண்டக்டர் பெண் எதற்கு இந்தக் கூச்சல் என்று தெரியாமலே கைதட்டுகிறாள். ஓரகத்தி கரண்டி பிடிக்கிற கையால் புருஷன் முதுகில் நாலு சாத்துச் சாத்திவிட்டு அழுதாள். ஹாரன் தோளில் தூக்கப்போனார், முடியவில்லை. நாலு பேர் சேர்ந்து தூக்கியும் இடுப்புவரைதான் வந்தார். அதே உயரத்தில் ஊர்வலம். ஸ்டெப்னி பொக்கை வாயோடு பாட்டுப் பாடுகிறார், பல் செட் இன்னும் என் கையில். கேமராக்காரர் வந்தார். என் கொழுந்தன் இரண்டு கையையும் உயரத் தூக்கினார். "காலு கீழ இருக்கா பாருங்க அண்ணி" என்றார்.

"இருக்கு தம்பி, இருக்கு."

என் வீட்டுக்காரருக்கு மட்டும் வேறு கவலை. வேலிப் பக்கம் பார்த்து, "வண்டி ஏம்மா இவ்வளவு நேரம் நிக்குது?" என்று அதட்டினார், வேலையில் இருக்கிற நினைப்பில். அந்தப் பெண் பதறிப்போய் ஓடி ஏறி இரண்டு விசில் கொடுத்தாள். பஸ் கிளம்பியது. தூக்கிக்கொண்டிருந்த நாலு கிழவர்களும் கிளம்பிவிட்டார்கள், கொழுந்தனோடு நேராக வேலியை நோக்கி. பிடித்து நிறுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அடுத்த வாரம் ஆபரேஷன். ஆஸ்பத்திரிக்கு நாங்கள் எல்லாரும் போயிருந்தோம். கட்டிலோரம் ஷட்டர், சம்பந்தி மரியாதையோடு, பழம் உரித்துக்கொண்டு. டாக்டர் பேனாவோடு வந்து எந்த முட்டி என்று அடையாளம் போடக் கேட்டார். வலதா, இடதா?

என் கொழுந்தன் போர்வையை விலக்கிக் காட்டினார்.

"கோல் போட்ட முட்டி, டாக்டர். பாத்துப் பண்ணுங்க."